தாளில் இல்லாத காலடி

எண்ணூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது.
எண்ணூறும் நான்தான்.
ஒரு பலகை, இரண்டு ஜோடி ஷூ.
கைகளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.
இடது கை அவசரக்காரன்,
வலது கை வீட்டுப்பாடம் எழுதாதவன்.

சிகாகோ, பத்தொன்பதாம் மாடி, ஞாயிறு மாலை ஆறரை.
ஏரிக்காற்று சன்னலை அறைகிறது.
அது உள்ளே வராமலிருக்க
இடுக்கெல்லாம் கம்பளி அடைத்திருக்கிறார்கள்.
கதைக்குக் காற்று தேவையென்றால்
கித்தான் சுற்றிய உருளையை நான் சுழற்றுவேன்.

லாக்கர் ஒன்றே ஒன்று,
பழைய இரும்புக்கடையில் ஒன்றரை டாலர்.
அதை அறைந்து சாத்தினால்
நெப்ராஸ்காவில் முப்பது லாக்கர் என்று நம்புகிறார்கள்.
தலைமையாசிரியரின் நாற்காலி
குங்கிலியம் தடவிய ஒரு கயிறு.
அவர் கோபம் அதிகமானால் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பேன்.

அல்ஜீப்ராவில் தேறாத வெண்டெல்
ஏழு வருடமாய்ப் பதினொன்றாம் வகுப்பு.
அவனுக்குக் குரல் தரும் ஆர்வில் ட்ராட்னருக்கு
வயது நாற்பத்தொன்று,
இரண்டு கடன், மூன்று பிள்ளைகள்.
மூத்தவள் அல்ஜீப்ராவில் முதல் மாணவி.
மைக் முன்னால் குதிகாலை உயர்த்தி நிற்பார்.
குரல் உடைய வேண்டிய இடங்களில்
தாளில் பென்சிலால் சின்ன விரிசல் வரைந்து வைத்திருப்பார்.

மிஸ் பெட்டிங்கில் விடைத்தாளை நீட்டுவாள்:
“நீ பூஜ்யம் வாங்கவில்லை வெண்டெல்,
பூஜ்யம்தான் உன்னை வாங்கியிருக்கிறது.”
சிரிப்பு.
பற்பொடி விளம்பரம்.
மறுபடி மணி.

மே மாதம் இண்டியானாவில் ஒரு நிஜப் பள்ளி
எங்களை அழைத்தது.
வெண்டெல் ஒருவழியாகத் தேறினான் என்று
விளையாட்டாய் ஒரு சான்றிதழ்.
வாங்கும்போது ஆர்வில் தொப்பியைக் கழற்றினார்.
வழுக்கையைக் கண்டு முன்வரிசைப் பெண்ணொருத்தி
“அடக்கடவுளே” என்றாள்.

நான் நழுவி நடைகூடத்துக்கு வந்தேன்.
ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டு
மாட்டுத்தொட்டி வேலைக்குப் போனவன்.
அதற்குப்பின் ஒரு பள்ளிக்குள்
காலால் நடப்பது இதுதான் முதல்முறை.

மணி அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.
இத்தனை மட்டமான மணியை
எங்கள் டைரக்டர் ஏற்கவே மாட்டார்.
லாக்கர்களை யாரும் அறைந்து சாத்தவில்லை.
கூட்டம் கரைந்தது, கதவுகள் மூடின.

அப்புறம் ஒருவன் வந்தான்.
லேஸ் அவிழ்ந்திருந்தது,
ஒரு பக்கக் குதி தேய்ந்த நடை.
மூடிய கதவின் முன் நின்றான்.
தட்டக் கையை உயர்த்தினான்,
உயர்த்திய கையால் தலையைச் சொறிந்துகொண்டான்,
திரும்பிப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு.
தாளில் இருப்பது: மணி. கதவு மூடுகிறது. வகுப்பு தொடங்குகிறது.
நான் கதவை மூடினேன்.
பிறகு, வலது ஷூவின் லேசை அவிழ்த்துவிட்டு
மெதுவாய் நடந்தேன்
பலகையின் ஓரம்வரை. நின்றேன்.

இரண்டு விநாடி.
நேரலையில் இரண்டு விநாடி என்பது ஒரு பஞ்சம்.
கண்ணாடிக்கு அப்பால் டைரக்டர்
விரலால் தன் கழுத்தை அறுத்துக் காட்டினார்.
ஆர்வில் தாளைப் புரட்டி அந்தக் காலடியைத் தேடினார்.
மிஸ் பெட்டிங்கிலாய் நடிக்கும் லெனோர்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
என் மேசைப்பக்கம் பார்த்தாள்.

“யாராயிருந்தாலும் உள்ளே வா.
நான் இன்னும் பெயர் கூப்பிட்டு முடிக்கவில்லை.”

சிரிக்க ஒன்றுமில்லாத அந்த இடத்திலும்
அரங்கம் பழக்கத்தில் சிரித்தது.
நான் கைப்பிடியைத் திருகினேன்.
இடுப்புயரக் கதவு, எந்த அறைக்கும் போகாதது.
உள்ளே போய் உட்கார்கிறவனுக்கு
நாற்காலி இழுபடும் சத்தமும்
நானேதான் கொடுக்க வேண்டியிருந்தது.
கொடுத்தேன்.

ஐந்து டாலர் அபராதம் போட்டார்கள்.
சீட்டில் காரணம் என்ற இடத்தில்
தட்டச்சு செய்திருந்தது: தாமதம்.